குழாயில் ஒட்டிய பெயர்

கல்யாணமான மூன்றாம் மாதமே என் வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. என் வேலை அப்படி. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் எட்டு மணிக்குள் ஐம்பது பேர் வந்து கை நீட்டுவார்கள். அந்த ஐம்பது பேரில் பாதிப் பேர் பொய் சொல்லுவார்கள்.

"வெறும் வயித்துலதான் வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க, பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல."

வாயைத் திறந்து சொல்லும்போதே காப்பி மணக்கும். கேட்டால், "காப்பிதானேங்க, அது என்ன சாப்பாடா?" என்பார்கள். சர்க்கரைக்கு ரத்தம் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் பரீட்சை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்னாலிருந்தே பாகற்காய், வெந்தயம், விடிகாலை நடை என்று தயாராவார்கள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "பாஸாயிட்டேனாம்மா?" என்று கேட்பார்கள். பாஸானவர் நேராக எதிர்க் கடைக்குப் போய் ரெண்டு பூரியும் ஒரு அசோகா அல்வாவும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்.

அதோடு அந்த வருஷங்களில் வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் விட்டால்தான் உண்டு என்று ஆகி, குறுவை போட்டவன் எல்லாம் கையைச் சுட்டுக்கொண்ட சமயம். இன்னொரு பக்கம் தஞ்சாவூருக்குப் புதுசு புதுசாகச் சாமான்கள் வந்து இறங்கின. கலர் கலராக டிவி, குளிர்பானம், தவணையில் மோட்டார் சைக்கிள். பார்க்கிறவனுக்கெல்லாம் கால் நிற்கவில்லை. துபாய், சவுதி, சிங்கப்பூர் என்று பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்தார்கள். மெடிக்கலில் தேறாவிட்டால் விமானம் ஏற முடியாது. அதனால் எங்களிடம் முன்கூட்டியே ஒரு வெள்ளோட்டம் பார்க்க வருவார்கள். தம்பியின் சிறுநீரைப் பாட்டிலில் கொண்டுவந்து தன்னுடையது என்று நீட்டின ஆட்களை எனக்குத் தெரியும். பாட்டிலைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு இல்லை என்றால் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவேன்.

இப்படிப்பட்ட நான் ஏமாந்த கதை இது.

என் வீட்டுக்காரருக்குப் பூதலூர் பக்கம் ஊர். அண்ணன் தம்பி ரெண்டு பேர். இவர் மூத்தவர். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. சாகுபடி இல்லாத மாதங்களில் டிராக்டர், லாரி என்று எது கிடைத்தாலும் ஓட்டுவார். பெண் பார்க்க வந்தபோது, மாமனார் காய்ச்சலில் போய்விட்டார் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. மாமனார் நாற்பத்தைந்து வயதில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரையில் கால் விரல் ரெண்டு போய், அப்புறம் மாரடைப்பு. மாமியாரைக் கேட்டால் எல்லாம் கண்ணேறு என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணேறுக்குக் குடும்பம் பார்த்து, ஆண்பிள்ளையாகப் பார்த்து வரத் தெரியுமா?

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர்மேல் ஒரு கண் வைத்தேன். எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கிறார், எத்தனை முறை எழுந்து கொல்லைப்பக்கம் போகிறார் என்று கணக்கு. ஒரு தடவை கை நீட்டுங்கள், ஒரே ஒரு சொட்டுதான் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன்.

"பொண்டாட்டிகிட்ட ஊசி குத்திக்கிட்டேன்னு ஊர் சிரிக்கும்டி. என்னைப் புருஷனாப் பாரு, கேஸாப் பாக்காத."

சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். சிரித்துக்கொண்டு சொன்னதாலேயே எனக்குச் சந்தேகம் அதிகமானது.

சவுதியில் கனரக வண்டி ஓட்டுகிற வேலைக்கு அவருக்கு விசா வந்தபோது நான் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். சர்க்கரை பார்க்காமல் வீட்டுப் படி தாண்ட விடமாட்டேன், மீறினால் பையனைத் தூக்கிக்கொண்டு திருவையாற்றில் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. பையனுக்கு அப்போது நாலு வயது. அவர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த டாக்டரம்மா வந்தார்.

சின்ன வயது. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி. சர்க்கரையோ இருதய நோயோ இருக்கிற குடும்பங்களில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று ஜோடி ஜோடியாக ரத்தம் வேண்டும். எங்கள் நிலையத்தில் சர்க்கரை, கொழுப்பு, அணுக்களின் எண்ணிக்கை பார்த்து எழுதிக்கொண்டு, மீதி ரத்தத்தை ஐஸில் வைத்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

"எதுக்கு மீதி ரத்தம்?" என்று நான் கேட்டேன். என் முதலாளி என்னை முறைத்தார்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "பிளேட்லெட் பத்தி உங்களுக்கே தெரியும் மேடம். காயம் பட்டா முதல்ல ஓடிவந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரத்தத்தை நிறுத்தறது அதுதான். அது ஒட்டிக்கிறதுக்கு அதுமேல ஒரு புரோட்டீன் இருக்கு. அதுக்கான மரபணு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. சிலருக்குக் கொஞ்சம் மாறியிருக்கு. அப்படி மாறினவங்களுக்குப் பிளேட்லெட் தேவையில்லாம அவசரப்படுதா, சர்க்கரை இருந்தா இன்னும் மோசமா, மாரடைப்புக்கு அதுவும் ஒரு காரணமான்னு பாக்கறோம்."

"காரணம்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா யாருக்கு முன்னாடியே ஜாக்கிரதை சொல்லணும்னு தெரியும். ஆனா இப்போதைக்கு இது வெறும் கேள்விதான் மேடம். சில பேர் ஆமாங்கறாங்க, சில பேர் இல்லைங்கறாங்க."

வெறும் கேள்விக்காக ஒருத்தர் இவ்வளவு தூரம் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு வருவாரா? நான் நம்பவில்லை. எந்த மருந்துக் கம்பெனி பின்னால் இருக்கிறதோ, நம் ஊர் ரத்தம் எந்தத் தேசத்துக்குப் போகிறதோ என்று மனசுக்குள் ஓடிற்று. பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தேன். கையெழுத்து வாங்குகிற தாளை ரெண்டு முறை படித்தேன். அதில் பொடி எழுத்தில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தாளை வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்த்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் ஆச்சரியமாக இறங்கிவந்தார். முகாம் பூதலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை. "தம்பியையும் கூட்டிக்கிட்டு அங்கேயே போய்க் குடுத்துடறேன். உன் கையால வேணாம். போதுமா?" என்றார். அப்பாடா என்றிருந்தது. அவர் இறங்கிவந்ததை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. ஆசைப்பட்டது நடக்கிறபோது யாருக்குச் சந்தேகம் வரும்?

முகாமுக்கு எங்கள் நிலையத்திலிருந்து வேறு ரெண்டு பெண்கள் போனார்கள். ரெண்டு மேஜை, ரெண்டு வரிசை. நான் தஞ்சாவூரிலேயே இருந்து வருகிற குழாய்களை வாங்கிப் பார்க்க வேண்டும். பத்தரை மணிக்குப் பெட்டி வந்தது. ஒவ்வொரு குழாயிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி, பேனாவால் பெயர் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் பெயர் எழுதிய குழாயை எடுத்தபோது என் கை தானாக நின்றது. எத்தனை வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத ரத்தம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். சொன்னால் வெட்கம், கண்ணீர்கூட வந்தது.

சர்க்கரை பார்த்தேன். நூறைத் தொடவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரீஏஜென்ட் மருந்து பழசோ என்று புதுப் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். அதே அளவு. மெஷின்மேல் சந்தேகம் வந்து, ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு மாதிரியை வைத்துச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் முறை பார்த்தேன். அதே அளவு. மருந்தைச் சந்தேகப்பட்டேன், மெஷினைச் சந்தேகப்பட்டேன், என் கண்ணையே சந்தேகப்பட்டேன். குழாயில் ஒட்டியிருந்த பெயரைச் சந்தேகப்படவில்லை.

சாயங்காலம் அவரும் கொழுந்தனாரும் தஞ்சாவூர் வீட்டுக்கு வந்தார்கள். நான் கேசரி கிண்டினேன். கொழுந்தனார் தட்டை வாங்கும்போது பார்த்தேன், அவருடைய ரெண்டு முழங்கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்ன தம்பி, ரெண்டு கையிலயும் குத்திட்டாங்களா?"

"ஆமாங்க அண்ணி. முதல் தடவை நரம்பு கிடைக்கல" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் அவருக்கு ரத்தம் எடுத்த பெண்ணைக் கூப்பிட்டு நான் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவள், கல்லூரி முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "நான் ஒரு தடவைதான் குத்தினேன் அக்கா, சத்தியமா" என்றாள். செய்ததை ஒத்துக்கொள்ள வேண்டும், பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்கு ஒரு பாடம் வேறு நடத்தினேன்.

அடுத்த மாதமே என் வீட்டுக்காரர் விமானம் ஏறினார். திருச்சியில் மெடிக்கல் தேறிவிட்டது என்றார். தேறாமல் என்ன, நான்தான் மூன்று முறை பார்த்துவிட்டேனே. என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த மாதங்கள் அவை. வெள்ளிக்கிழமைதோறும் அவர் பேசுவார். தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் பையனோடு காத்திருப்பேன். ஒரு பெரிய லாரிக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிற போட்டோ அனுப்பினார். கொஞ்சம் இளைத்திருந்தார். ஓட்டல் சாப்பாடு, வெயில் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடி வந்தார். முகம் சரியில்லை. கையில் கம்ப்யூட்டரில் அடித்த நீளமான தாள்.

"மேடம், உங்க லேப்ல குழாய் ஏதாவது மாறியிருக்குமா?"

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் என் கையால் ஒரு குழாய் மாறினதில்லை. நானே முந்திக்கொண்டு, "உங்க பக்கம் மாறியிருக்கும். வழியில ஐஸ் உருகி பிளாஸ்டர் கழண்டிருக்கும்" என்றேன்.

"இல்ல மேடம். ஒரு அண்ணன் தம்பி ஜோடி. நான் பாத்த மரபணு அத்தனையும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அதுகூட நடக்கலாம். ஆனா பிளேட்லெட் எண்ணிக்கை, கொழுப்பு, ரத்தப் பிரிவு, ஒண்ணுகூட வித்தியாசம் இல்ல. இரட்டையரான்னு பாத்தா மூணு வயசு வித்தியாசம். ஒரே ஆள் ரத்தம் ரெண்டு குழாய்ல இருக்கிற மாதிரி இருக்கு."

தாளை என் பக்கம் திருப்பினார். அவர் விரல் வைத்த இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரும் அதற்குக் கீழே கொழுந்தனார் பெயரும். ரெண்டுக்கும் நேராக ஓ பாசிட்டிவ் என்று அடித்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு பி பாசிட்டிவ். பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்படலாம் என்று அவருக்குப் பார்த்து எழுதிய சீட்டு இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிறது.

அப்போதுகூட எனக்கு உண்மை உறைக்கவில்லை பாருங்கள். அந்தச் சின்னப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். ரெண்டு முறை குத்தினவள், ஒரே ரத்தத்தை ரெண்டு குழாயில் ஊற்றிப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். எல்லோருக்கும் முன்னால் அவளை உலுக்கினேன். உன்னால் ஒரு மனுஷன் உயிர் போனால் யார் பதில் சொல்வது என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே, "நான் அந்த அண்ணன் பேருக்கு எடுக்கவே இல்ல அக்கா. அது பக்கத்து மேஜை. நோட்டைப் பாருங்க" என்றாள். நோட்டைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அண்ணன் ஒரு மேஜை, தம்பி ஒரு மேஜை. ரெண்டுக்கும் நடுவில் இருபது நிமிஷ இடைவெளி.

கொழுந்தனாரின் ரெண்டு கையிலும் ஒட்டியிருந்த பஞ்சு அப்போதுதான் என் கண்முன் வந்தது.

அன்றைக்கு மத்தியானமே பூதலூருக்கு ரயில் ஏறினேன். கொழுந்தனார் நாற்றங்காலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கரைக்கு வந்தார். நான் தாளை நீட்டினேன். அவருக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அண்ணன்தான் சொன்னாங்க அண்ணி. 'என் பேருக்கும் நீயே குடுத்துடுடா'ன்னாங்க."

"சொன்னா செஞ்சுடறதா? இது என்ன விளையாட்டா தம்பி?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "அண்ணன் முறைத் தண்ணிக்கு நான்தான் போய் மடையில நிக்கறேன். சொசைட்டில அண்ணன் உரத்துக்கு நான் கையெழுத்துப் போடறேன். ரேஷன்ல நிக்கறேன். கோயில்ல அண்ணன் பேருக்கு வர்ற மாலையை நான் வாங்கிக்கறேன். இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். வந்து கூப்பிட்டாங்க, எழுந்து போய்க் கையை நீட்டினேன். ரத்தம் குடுத்தவங்களுக்குத் தந்த இட்லிப் பொட்டலத்தைக்கூட ரெண்டாவது வாங்கல அண்ணி."

அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த வீட்டில் ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் நிற்பது தப்பே இல்லை. அப்படி நின்று நின்றுதான் அந்த நிலத்தைக் காப்பாற்றிவந்தார்கள். ரத்தம் மட்டும் ஆள் மாறிக் கொடுக்கக் கூடாத ஒன்று என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நான் சொல்லியிருக்கிறேனா?

"அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கா தம்பி?"

அவர் சேற்றுக் காலைப் பார்த்தார். "மூணு வருஷமா இருக்கு. மாத்திரை வாங்கிட்டு வர்றதும் நான்தான். உங்க கண்ணுல படக் கூடாதுன்னு டிராக்டர் சீட்டுக்கு அடியில வெச்சிருப்பாங்க."

மூன்று வருஷம். செம்புத் தண்ணீரை எண்ணினேன், கொல்லைப்பக்கம் போவதை எண்ணினேன். டிராக்டர் சீட்டைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. ஊரில் இருக்கிறவன் பொய்யை எல்லாம் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறவள் என்ற என் கர்வம் அந்த வரப்பிலேயே செத்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். நாற்பத்தைந்து வயதில் கரையில் உட்கார்ந்த மாமனார் முகத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது அந்த முகத்தில் என் வீட்டுக்காரர் முகம்தான் தெரிந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து அந்த ரெண்டு பெயர்மேலும் கோடு போட்டார். எனக்கு என்னவோ போலிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா டாக்டரம்மா? அந்த மாறின மரபணு இந்தக் குடும்பத்துல இருக்கா? என் பையனுக்கு வருமா?"

"தம்பிக்கு இருக்கு மேடம். அண்ணனுக்கு இருக்கான்னு தெரியாது, அவர் ரத்தம் என்கிட்ட இல்லையே. ஆனா இருந்தா நோய் வரும்னோ இல்லாட்டி வராதுன்னோ யாராலயும் சொல்ல முடியாது. பாருங்க, மாறின மரபணு இருக்கிற தம்பி நல்லா இருக்கார். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு முதல்ல சர்க்கரையைப் பாருங்க. அதுதான் கண்ணுக்குத் தெரியற எதிரி."

அவர் சொன்னதில் பூச்சு எதுவும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நான் முதல் நாளிலிருந்து திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அந்தச் சின்னப் பெண்ணிடமும் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அக்கா" என்றாள். பரவாயில்லை என்பது அவள் முகத்தில் இல்லை. அடுத்த மாதம் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. பையனை முதலில் பேசவிட்டு, வெளியே அனுப்பிவிட்டு நான் வாங்கினேன்.

"உங்க ரத்தப் பிரிவு என்னங்க?"

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"தம்பி சொல்லிட்டானா?" என்றார்.

"திருச்சி மெடிக்கல் எப்படித் தேறுச்சு?"

"ஒரு வாரம் சோறே தொடல. மாத்திரையைக் கூட ஒண்ணு போட்டுக்கிட்டேன். பாஸாயிட்டேன்."

பாஸாகிவிட்டாராம். எனக்கு அந்தப் போனை உடைத்துவிடலாம் போலிருந்தது. உடனே அங்கே ஒரு டாக்டரைப் பாருங்கள், ரத்தம் கொடுங்கள், இருதயத்துக்கும் பாருங்கள், இல்லாவிட்டால் இனிமேல் நான் பூத்துக்கு வரமாட்டேன் என்று கத்தினேன். சரி சரி என்றார். ரெண்டு வாரம் கழித்துப் பேசியபோது குரலில் ஒரு தெம்பு. "பாத்துட்டேன்டி. எல்லாம் நார்மல். ரிப்போர்ட் கையிலயே இருக்கு" என்று ஒவ்வொன்றாக வாசித்தார்.

"யார் கையை நீட்டினது?" என்று கேட்டேன்.

மெதுவாகச் சொன்னார். "கூட ரூம்ல இருக்கான், மன்னார்குடிப் பையன். கம்பெனிக்குத் தெரிஞ்சா வண்டியை விட்டு இறக்கிடுவாங்கடி. திருப்பி அனுப்பிடுவாங்க. நெலம் கெடக்கிற கெடப்புல அங்க வந்து நான் என்ன செய்ய?"

போனை வைத்துவிட்டுப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. சாப்பிட்டேன் என்றால் நம்பவில்லை, தூங்கினேன் என்றால் நம்பவில்லை. அவர் அனுப்பும் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு கால் தெரிகிறதா என்று தேடுவேன். எப்போதும் ஷூ போட்டிருப்பார். பூத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. குரலையாவது கேட்கலாமே. நிலையத்திலும் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தேன். ஊசி எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தன் பெயரையும் அப்பா பெயரையும் தன் வாயால் சொல்ல வேண்டும். ரெண்டு கையையும் காட்ட வேண்டும். முதலாளி சிரித்தார். நான் விடவில்லை.

அதற்கு நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு நல்ல கூட்டம். தலை நிமிராமல் வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் உட்கார்ந்தார். முன்னால் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும், நான் கேட்பதற்கு முன்பே தன் பெயரைச் சொன்னார். அப்பா பெயரைச் சொன்னார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ரெண்டு கையையும் மேஜைமேல் வைத்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆள் பாதியாகியிருந்தார். பக்கத்தில் விமான நிலையச் சீட்டு கட்டிய பெட்டி. திருச்சியில் இறங்கி நேரே வந்திருக்கிறார். வீட்டுக்குப் போகவில்லை, பூதலூருக்குப் போகவில்லை. இடது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"ரெண்டு மாசமா ஆறல" என்றார். "பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பயந்துட்டேன்டி."

வரிசையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"காலையில காப்பி குடிச்சீங்களா?"

"பிளேன்ல குடுத்தான். வேணாம்னுட்டேன்."

ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தொட்டேன். ஊசி உள்ளே போனபோது அவர் முகத்தைச் சுளிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் நிறைந்ததும், "அந்த டாக்டரம்மாவுக்கும் ஒண்ணு எடுத்துக்க. பாவம், அவங்க படிப்பைக் கெடுத்துட்டேன்" என்றார். டாக்டரம்மா அதற்குள் படிப்பு முடிந்து வெளிநாடு போய்விட்டார். அவருடைய கேள்விக்கு என்ன பதில் கிடைத்ததோ, எங்களுக்கு யாரும் எழுதவில்லை. கொழுந்தனாரின் ரெண்டு குழாய் ரத்தமும் இன்னும் எந்த ஊர்ப் பெட்டியில் உறைந்து கிடக்கிறதோ.

உள்ளே எடுத்துப்போய், முதலில் சர்க்கரை பார்க்கவில்லை. வெள்ளைப் பீங்கான் ஓட்டில் ஒரு சொட்டு வைத்து ரத்தப் பிரிவு பார்த்தேன். மருந்து பட்டதும் ரவை ரவையாகத் திரண்டது. பி பாசிட்டிவ். அதற்குப் பிறகுதான் சர்க்கரை. முந்நூற்றுச் சொச்சம்.

சீட்டில் எழுதி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தார்.

"நல்லதா கெட்டதா?"

"ரொம்பக் கெட்டது" என்றேன். "ஆனா உங்களோடது."

அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு மோசமான ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதவள் அந்த நிலையத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை நான் தூக்கிக்கொண்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.